அக்காவின் கண்ணில் குறை இல்லை

எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டு, என்னோடு வேலை செய்த ஒருவரின் கண்ணைப் பல மாதங்கள் வருத்தினேன். அவர் வாய்விட்டுச் சொன்னபோது நம்பவில்லை. கோளாறு உங்கள் கண்ணில்தான் என்று அடித்துச் சொன்னேன். அதே காலத்தில் ஓர் அச்சகத்தோடும் சண்டை போட்டேன். அதிலும் தப்பு என் பக்கம்தான். இதையெல்லாம் சம்பந்தப்பட்டவர்களிடம் ஒப்புக்கொண்டாயிற்று. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். மானிட்டர் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் எண்களை நம்பிவிட்டு, அதற்கு எதிரே நாள் முழுக்க உட்காருகிறவரை நம்பாத முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். நானும் அப்படி இருந்தவன்.

சென்னையில் ஒரு சிறிய புத்தக வடிவமைப்புக் கூடம் நடத்துகிறேன். பதிப்பகங்கள் தரும் பிரதியைத் தட்டச்சு செய்வது, மெய்ப்புப் பார்ப்பது, பக்கம் கட்டுவது, அட்டை போடுவது, அச்சுக்கு பிடிஎஃப் அனுப்புவது: இதுதான் தொழில். கூடத்தில் மூத்தவர் ஓர் அக்கா. பேஜ்மேக்கர் காலத்திலிருந்து தமிழ்ப் பக்கம் கட்டி வருகிறவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். சம்பளம் கொடுப்பவன் நான் என்றாலும் தொழிலைப் பாதி அவரிடம்தான் கற்றேன்.

அவர் வேலையின் நுட்பம் வெளியே தெரியாது. தமிழ்ப் பிரதிகளில் அடிக்கடி வரும் ஒரு பிழை: 'ர்' அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலை அடித்து அதன்மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ர-வின் அடியில் சாய்ந்து இறங்கும் சின்னக் கோடு ஒன்றுதான் வித்தியாசம். கொம்பில் மேலே சுழி இருந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில். 'கி'க்கும் 'கீ'க்கும் நடுவே இருப்பதும் ஒரு சுழிதான். பிழைதிருத்த மென்பொருள் தவறவிடும் இடங்களை அக்காவின் கண் பிடிக்கும். அந்தக் கண்ணைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

கூடத்தில் அதுவரை இருந்தவை 22 அங்குல மானிட்டர்கள். பழசாகிவிட்டன என்று மாற்ற நினைத்தேன். புத்தகக் காட்சி சமயத்து வேலைகளின் பணம் கையில் இருந்தது. ரிச்சி தெருவுக்குப் போனேன், யாரையும் அழைத்துப் போகாமல். கடைக்காரர் முதலில் கேட்டதே "என்ன வேலைக்கு சார்?" என்றுதான். "எல்லா வேலைக்கும்" என்றேன். 24 அங்குலத்தில், ஏற்றி இறக்கும் ஸ்டாண்டோடு ஒன்றைக் காட்டினார். அது பெட்டியிலேயே எடுப்பாக இல்லை என்று தள்ளிவிட்டேன். எடுத்தது 27 அங்குலம், வளைந்த திரை, 144 ஹெர்ட்ஸ், 1 மில்லி விநாடி, கோடிகளில் ஒரு கான்ட்ராஸ்ட் எண். கணினி விளையாட்டு ஆடுகிறவர்களுக்கென்று செய்தது. பெரிய எண் என்றால் மேல் என்பதைத் தவிர இந்த எண்களைப்பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கடைக்காரர் மேல் குறையே இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். நான்தான் பதில் சொல்லவில்லை.

அந்த எண்களை நான் படித்தது பிறகுதான். வாங்குமுன் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படித்திருந்தால் போதும்.

27 அங்குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திரை பெரிதானதே தவிர, பிக்சல்கள் பழைய கணக்குத்தான்: அகலத்தில் 1920, உயரத்தில் 1080. அதே பிக்சல்களை இன்னும் பெரிய பரப்பில் பரப்பினால் ஒவ்வொன்றும் தடிக்கும். பழைய 22 அங்குலத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 பிக்சல்; புதியதில் 82. ஒரு பிக்சலின் அளவு கால் மில்லிமீட்டரிலிருந்து 0.31 மில்லிமீட்டராக ஏறிவிட்டது. நாங்கள் புத்தகத்தில் வைக்கும் எழுத்து பெரும்பாலும் 11 பாயிண்ட். அதை அசல் அளவில் திரையில் காட்டினால் எழுத்தின் முழு உயரத்துக்கே 12, 13 பிக்சல்தான் கிடைக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு மிஞ்சுவது ஒரு பிக்சல், கொஞ்சம் கூட. அரைப் பிக்சலில் புள்ளி வைக்க முடியாது. ஆகவே கணினி அதைச் சாம்பல் நிறத்தில் தேய்த்து வைக்கும். கொம்பின் சுழி அடைந்துபோகும். ர-வின் வால் இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டிவரும். ஆங்கிலம் அடிக்கிறவருக்கு இது அவ்வளவு உறைக்காது. தமிழில் அர்த்தம் முழுக்க அந்தச் சுழியிலும் புள்ளியிலும் இருக்கிறது.

மாட்டிய முதல் வாரத்திலேயே அக்கா சொன்னார்: "எழுத்து பெருசாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஓரமெல்லாம் பிசிறடிக்குது." நான் சிரித்துக்கொண்டே, "பழகிரும்க்கா, பெரிய திரைல்ல" என்றேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அவர் பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் படிக்கத் தொடங்கினார். அப்படி வைத்தால் பக்கம் முழுசாகத் தெரியாது. நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நகர்த்தினால் கறுப்பு எழுத்துகள் பின்னால் நிழல் இழுத்தன. காரணம், அந்தத் திரை விஏ வகை. விஏ திரையில் கறுப்பு நன்றாக ஆழமாக இருக்கும். இன்னொரு வகையான ஐபிஎஸ் திரைகளில் கான்ட்ராஸ்ட் பொதுவாக 1000க்கு 1 என்றால் விஏ-யில் 3000க்கு 1 வரை வரும். படம் பார்க்க அருமையானது. ஆனால் அதன் பிக்சல்கள் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறச் சோம்பும். சில திரைகளில் 20 மில்லி விநாடிக்கும் மேல் ஆகும். பெட்டியில் போட்டிருந்த கோடிக்கணக்கான எண், டைனமிக் கான்ட்ராஸ்ட். பின்விளக்கை அறவே குறைத்தபோது உள்ள கறுப்பையும், முழுதாக ஏற்றியபோது உள்ள வெள்ளையையும் எடுத்து வகுத்த கணக்கு அது. ஒரே நேரத்தில் அந்த இரண்டையும் அந்தத் திரையில் பார்க்க முடியாது. அந்த எண்ணைத்தான் கூடத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இவை அறியாமையால் செய்தவை. அடுத்ததை அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

'1 மில்லி விநாடி' என்று பெட்டியில் போட்டிருந்ததல்லவா, மெனுவில் அதற்கென்று ஒரு மோட் இருந்தது. அணைந்து கிடந்தது. காசு கொடுத்து வாங்கியதை ஏன் அணைத்து வைக்க வேண்டும் என்று அக்காவின் மானிட்டரில் நானே அதைப் போட்டுவிட்டேன். அவரைக் கேட்கவில்லை. என்ன செய்யும் என்று படிக்கவும் இல்லை.

அது செய்வது இதுதான். பிக்சல் அந்த வேகத்தில் மாறுவதில்லை. அதற்குப் பதிலாகத் திரையின் பின்விளக்கை ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை மின்ன வைத்து அணைக்கிறார்கள். 144 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 144 முறை விளக்கு எரிந்து அணைகிறது. படம் கண்ணில் தங்கும் நேரம் குறைவதால் ஓடுகிற உருவம் தெளிவாகத் தெரியும். விளையாட்டில் பந்தயக் கார் ஓட்டுபவருக்கு அது பயன். எம்பிஆர்டி என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் அந்த 1 மில்லி விநாடி இந்த வித்தையால் வருவது. ஜிடிஜி என்று போட்டிருந்தால் பிக்சல் ஒரு சாம்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம். இரண்டும் வேறு வேறு. விளக்கு பாதிக்கு மேல் நேரம் அணைந்தே கிடப்பதால் திரையின் வெளிச்சமும் இறங்கிவிடும். எங்கள் மானிட்டரில் அந்த மோடில் வெளிச்சத்தை மாற்றும் பொத்தானே வேலை செய்யாது. 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' என்று பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை. அந்த மோட் அணைந்திருக்கும் வரை அது சிமிட்டாத திரைதான். சிமிட்ட வைத்தவன் நான்.

சிமிட்டல் எல்லோர் கண்ணையும் ஒரேபோல் தாக்குவதில்லை. சிலர் உணரவே மாட்டார்கள். சிலருக்குத் தலைவலி, கண் கூச்சம், கண்ணில் நீர். அக்கா இரண்டாவது வகை. மதியத்துக்கு மேல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். "திரை மங்கலா இருக்கு, ஆனாலும் கண்ணு கூசுது தம்பி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். மங்கலாக இருந்தால் எப்படிக் கூசும், முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாரே என்று நினைத்தேன். உண்மையில் என்ன நடக்கிறது என்பதை அதைவிடத் துல்லியமாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. எழுந்து போய் அவர் நாற்காலியில் ஐந்து நிமிடம் நான் உட்காரவில்லை. "வயசாகுதில்ல அக்கா, கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்றேன். கூடத்தில் வேலை செய்யும் இன்னும் இருவர் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னேன்.

போய்க் காட்டினார். கண் மருத்துவர் பவரில் பெரிய மாற்றம் இல்லை என்றார். திரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு தூரம் என்று கேட்டாராம். அக்காவைப்போல் தூரமும் கிட்டவும் ஒரே கண்ணாடியில் வைத்துப் போடுகிறவர்கள் அருகில் இருப்பதைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகத்தான் பார்ப்பார்கள். திரை உயரத்தில் இருந்தால் மோவாயைத் தூக்கிக்கொண்டே படிக்க வேண்டும், கழுத்து போகும். நான் வாங்கியதில் ஸ்டாண்ட் ஏறாது இறங்காது. போதாததற்கு, மேசையில் கேபிளுக்கு இடம் வேண்டும் என்று அதை ஒரு பலகைமேல் வேறு ஏற்றி வைத்திருந்தேன். அக்கா வந்து மருத்துவர் கேட்டதைச் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அவர் தம் காசில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். தலைவலி நிற்கவில்லை. அதன்பிறகு அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை நான் பிரச்சினை தீர்ந்ததாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டை. அடர்பழுப்புப் பின்னணி, அதைவிட அடர்ந்த நிறத்தில் ஆலமரத்து வேர்கள். இன்னொரு புது மானிட்டரில் எங்கள் வடிவமைப்பாளர் தம்பி வரைந்தார். திரையில் வேர் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது. அச்சாகி வந்தபோது வேரே இல்லை. எல்லாம் ஒரே இருட்டு. கவிஞர் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார். நான் அச்சகத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். மை கூடிவிட்டது, மெஷினில் ஆள் சரியில்லை என்று என்னென்னவோ சொன்னேன். பில்லில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டேன். அச்சகக்காரர் பல வருடப் பழக்கம். தர்க்கம் செய்யாமல் விட்டுக்கொடுத்தார்.

அச்சகம் சரியாகத்தான் அடித்திருந்தது. எங்கள் மானிட்டரில் வெளிச்சம் 100இல் இருந்தது. வெளிச்சத்தை அளக்கும் கணக்கில் அந்த வகைக்கு அது 250, 300 நிட்ஸ். தாள் தானாக ஒளிவிடாது, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பித்தான் தரும். அச்சு வேலைக்குத் திரையை 80லிருந்து 120 நிட்ஸுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். 1996இல் வந்த எஸ்ஆர்ஜிபி நிற வரையறையே திரைக்கு 80 நிட்ஸ் என்றுதான் கணக்கு வைத்தது. இதோடு விஏ திரையில் இன்னொரு குணம்: நேரே பார்க்காமல் சற்றுச் சாய்வாகப் பார்த்தால் அடர்நிறங்கள் வெளுத்துத் தெரியும். 27 அங்குலத்தைக் கிட்டே உட்கார்ந்து பார்க்கும்போது ஓரங்கள் எல்லாமே சாய்வுதான். வேர்களில் இல்லாத வெளிச்சத்தை எங்கள் திரை காட்டியது. பிற்பாடு அதே கோப்பைச் சரியாக அமைத்த வேறொரு திரையில் திறந்து பார்த்தேன். அச்சில் வந்த அதே இருட்டு.

அக்கா ஊருக்குப் போயிருந்த ஒரு நாள்தான் என் கண் திறந்தது. புத்தகக் காட்சி நெருங்கிவிட்டது. மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டிய நாவல். கடைசி மெய்ப்பை நானே அவர் மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. கண்ணை மூடினால் எரிந்தது. அவர் சொன்ன வார்த்தையே எனக்கும் வந்தது: மங்கலாக இருக்கிறது, ஆனாலும் கூசுகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டினேன். எப்போதோ யாரோ சொன்ன சோதனை. சிமிட்டாத விளக்கானால் பென்சில் ஒரே மங்கல் பட்டையாகத் தெரியும். எனக்குத் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தது. அப்போதுதான் மானிட்டரோடு வந்த கையேட்டை முதன்முறையாகத் திறந்தேன். அந்த மோடைப்பற்றி அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். வெளிச்சம் குறையும், பயன்படுத்தாதபோது அணைத்துவைக்கவும் என்று.

அக்கா வந்ததும் சொன்னேன். மோடைப் போட்டது நான்தான், உங்கள் கண்ணில் குறை இல்லை, மற்றவர்கள் முன்னால் அப்படிச் சொன்னது தப்பு என்றேன். அந்த இருவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டே சொன்னேன். கண்ணாடிக் காசைக் கொடுத்தேன், மறுக்காமல் வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "தெரியாம வாங்குறது எல்லாரும் பண்றதுதான் தம்பி. நான் சொன்னப்ப எந்திரிச்சு வந்து பாத்திருக்கலாம்." வேறெதுவும் சொல்லவில்லை. அச்சகத்துக்கும் போய்ப் பிடித்த பணத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். வேலை இன்றும் அங்கேதான் அடிக்கிறோம். ஆனால் பழைய பேச்சு திரும்பி வரவில்லை.

என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். தெரியாது என்று சொல்வதில் என்ன கஷ்டம்? கூடத்தில் கணினி விஷயம் எல்லாம் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. சொந்தக்காரர்கள் லேப்டாப் வாங்க என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற, எதிரே நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பொய்யராக்கினேன். அவர் பெண், வயதில் மூத்தவர், இங்கிலீஷ் கையேடு படிக்காதவர் என்பதெல்லாம் எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதே புகாரை வடிவமைப்பாளர் தம்பி சொல்லியிருந்தால் எழுந்து போய்ப் பார்த்திருப்பேன்.

புது மானிட்டரை அக்காவோடு போய் வாங்கினேன். அவர் ஒரு பென்டிரைவில் தாம் பக்கம் கட்டிக்கொண்டிருந்த நாவலின் கோப்பை எடுத்து வந்தார். கடையில் ஒவ்வொன்றிலும் அதே பக்கத்தைத் திறந்து, அதே வரியைப் பார்த்தார். கொம்புகளும் ரகரங்களும் நிறைந்த வரி அது. 27 அங்குல 4கே ஐபிஎஸ் ஒன்றின் முன்னால் நின்றவர், "இதுல வால் தெரியுது" என்றார். அங்குலத்துக்கு 163 பிக்சல். அதே 11 பாயிண்ட் எழுத்துக்கு 25 பிக்சல் உயரம். விண்டோஸில் அளவை 150 சதவீதமாக வைத்தால் மெனுவும் சிறுத்துப்போகாது. ஸ்டாண்ட் மேசை மட்டம் வரை இறங்குகிறது. எல்லோருக்கும் 4கே வாங்க முடியவில்லை; மற்ற மேசைகளுக்கு அதே அளவில் 2560க்கு 1440, அங்குலத்துக்கு 109 பிக்சல். அவை போதுமாக இருக்கின்றன. கணக்கு எழுதும் மேசைக்கு 24 அங்குல சாதாரணத் திரையே நிறைவு. பழைய வளைந்த திரைகளில் ஒன்றை வடிவமைப்பாளர் தம்பியின் சித்தி மகன் வாங்கிப்போனான். கல்லூரி மாணவன்; இரவெல்லாம் கார் பந்தயம் ஆடுகிறான். அந்த வேலைக்கு அது அருமையான மானிட்டர்.

மாட்டிய அன்றே அக்கா கூப்பிட்டார். "மவுஸ் பின்னாடியே இழுத்துக்கிட்டு வருது தம்பி." எழுந்து போய் உட்கார்ந்து பார்த்தேன், இழுத்தது. எங்கள் பழைய கணினியில் இருந்தது எச்டிஎம்ஐ 1.4. அதில் 4கே படம் நொடிக்கு 30 முறைக்கு மேல் போகாது. 60 வேண்டுமானால் 2.0 வேண்டும். பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தது. கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது.

அலுவலகத்துக்கு மானிட்டர் வாங்கப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அதன் முன் உட்காரப்போகிறவரைக் கடைக்குக் கூட்டிப்போங்கள். அவர் தினமும் திறக்கிற கோப்பையே அதில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வாங்கி வந்த பிறகு கண் வலிக்கிறது என்று அவர் சொன்னால், கண் மருத்துவரிடம் அனுப்புமுன் அவர் நாற்காலியில் ஒரு மணி நேரம் நீங்கள் உட்கார்ந்து வேலை பாருங்கள்.